கந்தளாயிலிருந்து வந்த டீசல் கொரோலா: 2 வருஷம், 31,000 கிலோமீற்றர்

நான் வந்து சேரும் வரைக்கும் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாள் இரவே போனில் சொல்லியிருந்தேன். கந்தளாயில் அந்த வீட்டு வாசலில் நானும் தம்பியும் இறங்கியபோது காலை ஏழரை மணி. ஐயா வெளியே வந்தார். "வாங்க மகள்" என்றவர், தேத்தண்ணி குடிக்கச் சொல்வதற்கு முதலே பொனட்டைத் திறந்துவிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். இரவு மழையில் நனைந்த அம்மிக்கல் மாதிரி எஞ்சின் குளிர்ந்து கிடந்தது.

அதற்கு முன் ஐந்து கார் பார்த்திருந்தேன். ஐந்து பேரிடமும் இதையேதான் கேட்டிருந்தேன். மூன்று கார் நான் போகும்போதே சூடாக நின்றன. "இப்பத்தான் கடைக்குப் போயிட்டு வந்தனான்" என்றார் ஒருவர். பழைய டீசல் எஞ்சினின் வருத்தமெல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே தெரியும். சூடேறிவிட்டால் எல்லாவற்றையும் உள்ளே மறைத்துக்கொண்டு சமத்தாக நிற்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினோடு காத்திருந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

கார் இதுதான்: டொயோட்டா கொரோலா, எல்லோரும் "வன் டென்" என்று சொல்கிற 110 மொடல், 1996இல் ஜப்பானில் செய்தது. 2சீ டீசல் எஞ்சின், 1974 சீசீ, கையால் மாற்றுகிற ஐந்து கியர். 2023 தை மாதம் 39 இலட்சத்துக்கு வாங்கினேன். அப்போது மீற்றர் 212,300. இன்று காலை பார்த்தேன், 243,600. என்னோடு படிப்பிக்கிற மூன்று ரீச்சர்மார் இப்போது இப்படியொரு கார் தேடுகிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

வீடு திருகோணமலை உவர்மலையில். பாடசாலை கிண்ணியாவில், ஒரு பக்கம் 20 கிலோமீற்றர் அளவில். இவர், என் கணவர், கத்தாரில் வேலை. வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தத்தோடு அம்மா. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த ஆனி மாதக் கடைசியில் ஒட்டோ டீசல் லீட்டர் 460 ரூபாய்க்குப் போனது. பஸ் வருமா வராதா என்று அனுராதபுரச் சந்தியில் ஒன்றரை மணித்தியாலம் நின்ற நாட்கள் உண்டு. அம்மாவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக முச்சக்கர வண்டி கிடைக்காமல், பக்கத்து வீட்டுத் தம்பியின் மோட்டார் சைக்கிளில் நடுவில் அவரை இருத்தி, பின்னால் நான் பிடித்துக்கொண்டு போன அன்றுதான் கார் வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

புதுக் கார் என்ற பேச்சே அப்போது இல்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள், தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 மாசியில்தான். இடைப்பட்ட ஐந்து வருஷமும் நாட்டில் இருந்த பழைய வாகனங்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன, விலையும் ஏறிக்கொண்டே போனது. நான் வாங்கிய நேரம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை முறை நடந்துகொண்டிருந்தது. காருக்கு வாரம் 20 லீட்டர். பாடசாலைக்கு மட்டும் வாரம் 200 கிலோமீற்றர். லீட்டருக்குப் பத்துப் பதினொன்று ஓடும் பெற்றோல் காரென்றால் அதிலேயே கணக்கு முடிந்துவிடும். பதினான்கு ஓடும் டீசல் காரென்றால் அம்மாவின் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் மிச்சம் இருக்கும். டீசல் தேடியதற்குக் காரணம் இவ்வளவுதான். கூட்டுறவுக் கடனும், அடகு வைத்த பத்துப் பவுனும், இவர் அனுப்பியதும் சேர்ந்து 39 இலட்சம் ஆனது. அதனால் ஒரு ரூபாய்கூடத் தவறான வாகனத்தில் போய்விடக் கூடாது என்று பயந்து பயந்துதான் பார்த்தேன்.

கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவரிடம் முதலில் ஆலோசனை கேட்டேன். அவருடைய இரண்டு மகள்மாரும் என்னிடம் படித்தவர்கள். அவர் மொடலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "ரீச்சர், கடற்கரை வாகனம் வேணாம். எஞ்சினை நான் பிரிச்சுச் செஞ்சு தருவன். தகடு போனா ஒண்டும் செய்யேலா" என்றார்.

திருகோணமலையில் கார் பார்க்கிறவர்கள் இதை மனதில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடல். காற்றே உப்பு. நிலாவெளியில் பார்த்த ஒரு கார் வெளிப்பார்வைக்குக் கலியாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. நானா சொன்னபடி பிள்ளைகளின் விஞ்ஞானப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கதவின் மேற்பாதியில் அது "டக்" என்று ஒட்டியது. கீழே இறக்கி இறக்கிக் கொண்டுவந்தேன். கதவின் அடிவிளிம்புக்கு நாலு விரல் மேலே வந்ததும் பிடிப்பு விட்டு என் கையிலேயே விழுந்தது. அந்த இடத்தில் தகடு இல்லை. பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்சில்லு வளைவிலும் அப்படித்தான். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, மேலதிகச் சில்லை எடுத்துப் பார்த்தால் அந்தக் குழிக்குள்ளால் நிலத்து மணல் தெரிந்தது. சொந்தக்காரர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கே அது தெரியாது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே உள்நாட்டில் தேடினோம். கந்தளாய், ஹபரணை, ஹொரவப்பொத்தானைப் பக்கம். அப்படித்தான் இந்த ஐயா அகப்பட்டார்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். 1999இல் இந்தக் காரை ரீகண்டிஷனாக, அதாவது ஜப்பானில் ஓடி இங்கே இறக்கியதாக, எடுத்த நாளிலிருந்து வேறு கைக்குப் போகவில்லை. கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு இரவில் ஓட்ட முடியாததால்தான் விற்கிறார். காரைக் காட்டி முடித்ததும் உள்ளே போய் ஒரு கொப்பி கொண்டுவந்தார். தடித்த மட்டை, முதுகில் நீலத் துணி, மூலைகள் தேய்ந்து வட்டமாகிப்போன கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கோடு கிழித்து, திகதி, மீற்றர், செய்த வேலை, சாமான், செலவு. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து எழுதியிருந்தார். ஆறாவது ஒரு சின்னக் கோடும் இருந்தது, அதில் வெறும் சரி அடையாளம் மட்டும். "இது என்ன?" என்று கேட்டேன். "தண்ணி" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் ரேடியேட்டர் தண்ணியின் மட்டம் பார்த்ததற்கான அடையாளம். இருபத்து மூன்று வருஷத்து ஞாயிறுகள்.

"நான் குளத்தில வேலை செஞ்ச ஆள், மகள்" என்றார். 1986 சித்திரையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த நேரம் அவர் வேலைக்குப் புதிது. ஊர்கள் தண்ணீரில் போனதைக் கண்ணால் பார்த்தவர். "தண்ணி குறையிறதும் கூடுறதும் முதல்ல சின்னதாத்தான் தெரியும். பாத்துக்கிட்டே இருக்கணும்." அதைச் சொன்னபோது அவர் காரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கு விளங்கியது. ஆனால் இந்தக் காருக்கு அதைவிடப் பொருத்தமான பேச்சும் இல்லை. 2சீ எஞ்சினின் உடம்பு வார்ப்பிரும்பு, தலை (ஹெட்) அலுமினியம். தண்ணீர் குறைந்து ஒருமுறை கொதித்துவிட்டால், இரண்டு உலோகமும் இரண்டு விதமாக விரிந்து தலை வளையும், வால்வுகளுக்கு இடையில் வெடிக்கும். இந்த எஞ்சின்களில் அகால மரணம் அடைந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் போயின. ஒழுங்காகத் தண்ணீர் பார்த்தவனிடம் இது நாலு இலட்சம் கிலோமீற்றரும் போகும்.

கொப்பியில் நான் தேடியது டைமிங் பெல்ட். மூன்று இடத்தில் இருந்தது: 2006இல் 99,800, 2013இல் 156,000, 2020இல் 204,000. ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பதுதான் கணக்கு. ஐயா வயசையும் பார்த்து மாற்றியிருக்கிறார், ரப்பர் சும்மா நின்றாலும் காயும் என்று. இந்த எஞ்சினில் வால்வுகளை ஆட்டுகிற தண்டையும் டீசல் பம்பையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். விற்கிறவர் "போன வருஷம்தான் மாத்தினது" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். எழுத்தோ பற்றுச்சீட்டோ இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்றுங்கள், அந்தக் காசை விலையிலும் குறையுங்கள்.

பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினோம். சாவியைத் திருப்பினால் மீற்றரில் சுருள் வடிவத்தில் மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணையும் வரை பொறுக்க வேண்டும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு பத்துத் தரம் அடிக்கச் சொன்னால் பம்பின் அடி சுடுவதைப் பிள்ளைகளே தொட்டு உணர்வார்கள். டீசல் எஞ்சின் முழுவதும் அந்த ஒரு பாடம்தான். பிளக் பொறி கிடையாது. காற்றை இருபத்திரண்டு மடங்குக்கு மேலே நசுக்க, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. நசுக்கும் பலம் குறைந்த எஞ்சின் காலைக் குளிரில் இருமும், நடுங்கும், வெள்ளைப் புகை கக்கும். இது விளக்கு அணைந்ததும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு கைப்பிடி வெள்ளைப் புகை, அரை நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது.

எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் கவிழ்த்துச் சும்மா வைக்கச் சொல்லியிருந்தார் நானா. உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் மேலே வருகிற காற்றில் அந்த மூடி இட்டலிச் சட்டி மூடி மாதிரித் துள்ளும். இங்கே மெல்ல நடுங்கியது, விழவில்லை. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீரில் குமிழி வரவில்லை, நிறம் கூலன்ட்டின் சிவப்பு. எண்ணெய்க் குச்சியைத் துடைத்துப் பார்த்தபோது தம்பி "எண்ணெய் கறுப்பாக்கிடக்கு அக்கா" என்று பயந்தான். டீசல் எஞ்சினில் எண்ணெய் மாற்றி ஒரு கிழமையிலேயே கறுத்துவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால்தான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும்.

விலை பேசியது சிறிது நேரம்தான். 41 சொன்னார், நான் 38 சொன்னேன், அவருடைய மனைவி எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு 39 என்றார். பதிவுப் புத்தகம் அவர் பெயரிலேயே இருந்ததால் எழுத்து வேலை சுலபம். ஓபன் பேப்பரில், அதாவது இடையில் வாங்கியவர் பெயருக்கு மாற்றாமல் கைமாறி வருகிற கார்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சட்டப்படி பதினான்கு நாளில் மாற்ற வேண்டிய பெயரை மாற்றாதவர், எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா?

இனி ஓட்டத்தைப் பற்றி.

உவர்மலை இறக்கத்தில் காலை ஆறே முக்காலுக்கு இறங்கும்போது இதன் சத்தம் தெருவுக்கே கேட்கும். "டகடக" என்று ஒரு சின்ன உழவு மெஷின் மாதிரி. முதல் மாதம் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மகனை எழுப்புகிறார். மட்கோவைத் தாண்டி, சீனக்குடாவில் பழைய எண்ணெய்க் குதங்கள் இருக்கும் காட்டுப் பக்கத்தைக் கடந்து, வீதி நேராக வந்ததும் ஐந்தாவது கியரில் போட்டு அறுபதில் விட்டால், அந்தச் சத்தம் தாழ்ந்து ஒரு முனகலாகிவிடும். அதில்தான் இந்தக் காரின் சுகம் இருக்கிறது. மிதிக்கத் தேவையில்லை. கீழ்ச் சுற்றிலேயே இழுவை இருப்பதால், மாடு குறுக்கே வந்து முப்பதுக்கு இறங்கினாலும் நாலாவது கியரிலேயே முணுமுணுக்காமல் மறுபடி ஏறும். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிடுவேன். 2009இல் அந்தப் பாலம் திறக்கும் வரை பாதைப் படகுக்காகக் காத்துக்கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. சேலையில் கடல் தெறிக்க நின்ற அதே நீருக்கு மேலே என் காரில் ஒரு நிமிஷத்துக்குள் கடந்து போகிறேன் என்ற எண்ணம் இரண்டு வருஷமாகியும் பழசாகவில்லை.

வேகமாக முந்தவேண்டிய ஆட்களுக்கு இது சரிவராது. ஏசி போட்டு, ஐந்து பேர் ஏறி, முன்னால் போகும் டிப்பரை முந்துவதென்றால் முதலே யோசித்து, மூன்றாவது கியருக்கு இறக்கி, எதிரே நீளமாக வெறும் வீதி தெரிந்த பிறகுதான் போகவேண்டும். ஊர்மனைக்கு வெளியே எங்கள் வீதிகளில் காருக்கு வேக எல்லை 70. இந்தக் காரும் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்தான் சந்தோஷமாக இருக்கிறது. எனக்கும் அது போதும்.

கணக்கை எல்லாம் ஐயாவின் கொப்பியிலேயே தொடர்ந்து எழுதுகிறேன், தமிழில். பாடசாலை ஓட்டமும் ஊர் ஓட்டமும் சேர்த்து, இரண்டு வருஷத்துச் சராசரி லீட்டருக்கு 14.2 கிலோமீற்றர். போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்வந்தோம். புறப்படும்போது தாங்கியை வாய்வரை நிரப்பி, திரும்பி வந்து அதே பம்பில் அதே வாய்வரை நிரப்பினேன். 478 கிலோமீற்றருக்கு 28.6 லீட்டர். வகுத்தால் 16.7 வருகிறது. 50 லீட்டர்த் தாங்கி ஆனபடியால் இடையில் எங்கும் நிரப்பவேண்டி வரவில்லை.

அந்தப் பயணத்தில்தான் சலூன் கார் என்றால் என்ன என்பது விளங்கியது. பின்சீற்றில் அம்மா காலை நீட்டி, தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். சீற் தரையோடு ஒட்டின உயரம்தான், ஆனாலும் கதவு அகலமாகத் திறப்பதால், முதலில் இருந்துகொண்டு பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கப் பழகிவிட்டார். முச்சக்கர வண்டியில் இது நடக்காது. டிக்கி தனி அறை என்பதும் எங்கள் ஊருக்குப் பெரிய வசதி. பின்கதவு தூக்குகிற சின்னக் கார் வைத்திருக்கிற என் மச்சாள் மீன் வாங்கினால் வீடு போகும் வரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். நான் காலையில் இரண்டு கிலோ பாரையும், கருவாட்டுப் பையும் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே பிள்ளைகளோடு வாசமே தெரியாமல் வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல் மூடை, புழுக்கொடியல், ஒரு பெரிய மாம்பழப் பெட்டி எல்லாம் அதற்குள்ளேயே வந்தன.

குறைகளையும் எழுதுகிறேன்.

2024 பங்குனி வெயிலில், ஆஸ்பத்திரி வாசலில் ஏசியோடு அம்மாவுக்காகக் காத்து நின்றபோது மீற்றரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி பாதியைத் தாண்டி ஏறியது. கொப்பியின் ஆறாவது கோடுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நொடியே எஞ்சினை நிற்பாட்டினேன். அம்மாவை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு நகரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பார்த்த பத்தாவது நிமிஷத்தில், "ஹெட் போயிட்டுது, கழற்றவேணும், மூன்று இலட்சம் வரும்" என்றார்கள். அதோடு, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கிற தர்மோஸ்டற்றையும் கழற்றி எறிந்துவிடலாம், சூடான நாட்டுக்கு அது தேவையில்லை என்றார்கள். அன்று இரவு நித்திரை வரவில்லை. அடகிலிருந்து மீட்ட நாலு பவுன் மறுபடி போய்விடுமோ என்றுதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அடுத்தநாள் நானா வீட்டுக்கே வந்தார். மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், குமிழி இல்லை. பற்றரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து ரேடியேட்டர் மின்விசிறிக்குக் கொடுத்தார். அது சுற்றவில்லை. விரலால் தட்டியதும் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மோட்டாரின் கார்பன் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஓடும்போது காற்று வந்ததால் தெரியவில்லை, நிற்கும்போதுதான் கொதித்திருக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையிலிருந்து மோட்டார் எடுப்பித்தார், 9,500 ரூபாய். தர்மோஸ்டற் இன்றைக்கும் அதன் இடத்தில் இருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேற நேரமெடுக்கும், டீசலும் கூடக் குடிக்கும், புகையும் கூடும். யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள். ஹெட் போனதென்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெண் ஆள் தனியாக வந்தால் கேட்க மாட்டாள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் செய்கிற புகைப் பரிசோதனையில் முதல் வருஷம் தவறினேன். டீசல் காரை நின்ற இடத்தில் முழுதாக மிதித்து, வருகிற புகையின் கருமையை அளப்பார்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடுகிற காரில் கரி சேர்ந்துவிடும். காற்று வடிகட்டியை மாற்றி, டீசலைத் தெளிக்கிற நாலு நொசிலையும் கழற்றிச் சோதித்துத் திருத்தி, கந்தளாய் வரை ஒருதரம் நல்ல ஓட்டம் ஓடிவிட்டுப் போனேன். சுலபமாகத் தேறியது. இப்போது பரிசோதனைக்கு முந்தின ஞாயிறு அந்த ஓட்டம் வழக்கமாகிவிட்டது. ஐயா வீட்டில் தேத்தண்ணியும் கிடைக்கும்.

மாரிகாலத்தில் டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தித் தண்ணீர் வடிக்க வேண்டும். ஜாம் போத்தல் ஒன்றைப் பிடித்தால், டீசலுக்கு அடியில் தண்ணீர் தனியாக முத்து முத்தாக நிற்கும். பிறகு மேலேயுள்ள கைப்பம்பை அது இறுகும் வரை அமத்த வேண்டும். இதை என் மகள் செய்வாள், அவளுக்கு வயது பதின்மூன்று. அடர்த்திப் பாடத்தை நான் அவளுக்குப் படிப்பிக்க வேண்டி வரவில்லை.

துரு பற்றி நானா சொன்னது எனக்கும் பலித்தது. உள்நாட்டில் இருபத்து மூன்று வருஷம் சுத்தமாக இருந்த கார், உவர்மலைக்கு வந்து இரண்டாவது மாரியில் இடது பின்கதவின் அடியில் குண்டூசித் தலை அளவில் மூன்று புள்ளி காட்டியது. எங்கள் மலையின் பெயரிலேயே உவர் இருக்கிறதல்லவா. கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துவாரங்கள் மண்ணால் அடைபட்டிருந்தன. ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுத்தோம். அந்த மூன்று இடத்தையும் தேய்த்துப் பெயின்ட் வைத்து, அடிப்பாகம் முழுவதற்கும் தார்ப் பூச்சு அடித்தோம். ஒவ்வொரு ஞாயிறும் நல்ல தண்ணீரால் சில்லு வளைவுக்குள்ளும் அடியிலும் அடித்துக் கழுவுகிறேன். கிணற்றுத் தண்ணீர் உவர், ஆனபடியால் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். ரேடியேட்டருக்கு அதுவும் கிடையாது, கூலன்ட் மட்டும்.

மற்றவை சின்னது: நாலு ஹீட்டர் பிளக்கும் ஒருதரம் மாற்றினேன், 14,000. ஏசி மத்தியானத்தில் பின்சீற்றுக்கு ஒழுங்காக எட்டாது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுகிற செலவு 18,000 ரூபாய்க்குள் அடங்குகிறது.

என் மனதை உறுத்துகிற குறை ஒன்றுதான். என் காரில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. இன்றைய கார்கள் காப்பாற்றுகிற மாதிரி இது காப்பாற்றாது. ஆகவே பின்சீற்றிலும் பெல்ட் போடாமல் காரை எடுப்பதில்லை, அம்மாவுக்கும் சேர்த்துத்தான். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டபின் போவதும் இல்லை. யானை வீதியில் நிற்கும். இதன் முன்விளக்கோ மஞ்சள் வெளிச்சம். புதுக் காரின் பாதுகாப்பு வேண்டும், அதற்குக் காசும் இருக்கிறது என்றால் இதை விட்டுவிடுங்கள். என்னைப் போல் கணக்குப் பார்த்து, கடனும் நகையுமாக ஒரு குடும்பத்தை ஏற்றி இறக்க வேண்டியவர்கள், கடலிலிருந்து தூரத்தில் ஒரே ஆளின் கையில் வளர்ந்த ஒரு கொரோலாவோ, இதே காலத்து சன்னியோ, கரினாவோ கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

இந்தச் சித்திரைப் புதுவருஷத்துக்குக் கந்தளாய்க்குப் போனோம். அங்கேயும் அன்று வருஷம்தானே. பாற்சோறும் கொக்கிஸும் வைத்தார்கள். அம்மா செய்த பயத்தம் பணியாரத்தை ஐயாவின் மனைவி பெட்டியோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஐயா நேரே காரடிக்குப் போய்ப் பொனட்டைத் திறந்து, கூலன்ட் போத்தலைக் கண்ணுக்கு நேரே குனிந்து பார்த்தார். பிறகு கொப்பியைக் கேட்டார். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் கோடுகளும் இலக்கங்களும் தெரியும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பக்கம் பக்கமாக விரல் வைத்துக்கொண்டு போனார். ஆறாவது கோட்டில் ஒரு ஞாயிறும் விடுபடவில்லை. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. மறுபடி முன்னால் புரட்டினார், தன்னுடைய எழுத்து இருக்கிற பக்கம் வரைக்கும்.

"பிரேக் எண்ணெய் எங்க மகள்? ரெண்டு வருஷமாச்சு."

நான் மாற்றவில்லை. திரும்பி வரும்போது முழுக்க மெதுவாகத்தான் ஓட்டினேன். மூன்றாம் நாள் நானாவின் கராஜ் திறந்ததும் முதல் ஆளாக நின்று மாற்றி, 242,900 என்று எழுதிக்கொண்டேன்.